இரட்டைக் குட்டியில் ஒன்று

பையை மூடாதீர்கள், தம்பி. முடியாது என்று சொல்ல இவ்வளவு அவசரம் எதற்கு? உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்பதை நான் முன்பே கேட்டாகிவிட்டது. மதுரையிலிருந்து ஒருவன் வந்தான், கண்ணாடி போட்டவன், நல்ல மாதிரி. கையைப் பிசைந்துகொண்டே போய்விட்டான். திருச்சியிலிருந்து ஒருவன் வந்தான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? உலகம் அழிகிற வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுப் பார்த்தாலும் இது திறக்காது என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிக்காமல் சொல்லியிருந்தால் அவன் பல் அவன் வாயிலேயே இருந்திருக்கும்.

உங்களை ஒன்றும் செய்ய மாட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இந்த டப்பா இருக்கிறதே, ஹார்ட் டிஸ்க், இதற்குள்ளே என் மகன் பாலகுரு இருக்கிறான். கொலை செய்யாத பாலகுரு. வெளியே எல்லோருக்கும் தெரிந்தவன் கொலை செய்த பாலகுரு. அவன் ஜெயிலில் இருக்கிறான். நாளைக்குக் கடைசி வாய்தா. காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் நாளைக்குக் காட்டுங்கள், இல்லையென்றால் ஆயுள் தண்டனைக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். காட்டுவதற்கு இருக்கிறது. உங்கள் கையில்தான் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பதுதானே? உள்ளே இல்லாததையா எடுக்கச் சொல்கிறேன்?

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் முடியாது என்று சொல்லுங்கள்.

நாங்கள் கிடா வளர்க்கிறவர்கள். கறிக்கு அல்ல, முட்டுக்கு. அதோ கொட்டிலில் நிற்கிறதே, அது புல்டோசர். பாலகுரு வைத்த பேர். கிட்டே போகாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, வேறு யார் வீட்டிலும் கிடையாது. ஆடு இரட்டைக் குட்டி போட்டால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வோம். மற்றதை அன்றைக்கே கழுத்தைத் திருகிவிட வேண்டும். ஒரு வயிற்றுப் பலம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று போனால்தான் மற்றதில் போய்ச் சேரும். என் அப்பா அப்படித்தான் செய்தார். புல்டோசர் இரட்டையில் ஒன்று. அதன் ஜோடியை நான்தான் திருகினேன். அன்றைக்கு என் தங்கச்சி மகன் லோகு இங்கே நின்றுகொண்டிருந்தான். "ரெண்டையும் வச்சுக்கிட்டா என்ன மாமா, ஒன்னுக்கு ஏதாச்சும் ஆனா இன்னொன்னு இருக்கும்ல" என்றான். அப்போதே அவன் புத்தி அப்படித்தான்.

இந்த லோகுதான் இதைப் பூட்டினவன். லோகேந்திரன். கல்யாண வீடு, காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பான். அப்பன் இல்லாத பிள்ளை. அவனுக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தது யார்? நான். அதை எந்தக் காலத்திலாவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இல்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

எதிராளி ஆண்டிச்சாமி. கிழக்கே பக்கத்து ஊர். அவனும் கிடாக்காரன்தான். எனக்கும் அவனுக்கும் பகை இன்று நேற்று வந்ததல்ல. பாலகுரு பால்குடிக்கிற காலத்தில் என் கிடா ஒன்று அவன் கிடாவிடம் தோற்றது. ஏன் தோற்றது? முட்டுக்கு முன்னால் அவன் ஆள் ஒருவன் வந்து என் கிடாவுக்கு வாளி நிறையத் தண்ணீர் காட்டிவிட்டான். வயிறு தளும்புகிற கிடா எப்படிப் பாயும்? பாவம், வெயிலில் நிற்கிறதே என்று கொடுத்தேன் என்று அந்த ஆள் சொன்னான். ஊரே நம்பியது. நான் நம்பவில்லை. களத்திலேயே சத்தம் போட்டுச் சொன்னேன், உன் வீட்டில் பிணம் விழுந்து அழுகைச் சத்தம் கேட்காமல் நான் சாக மாட்டேன் என்று. இத்தனை காலம் கழித்து அதையும் கோர்ட்டில் எங்களுக்கு எதிராகச் சொல்கிறார்கள். கோபத்தில் ஒரு மனிதன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

போன கோடையில் வற்றிப்போன கண்மாய்க்குள் முட்டு வைத்தார்கள். புல்டோசரும் ஆண்டிச்சாமியின் சூறாவளியும். சூறாவளியாம். நாலு முறை மோதியதும் அது கால் மடக்கிவிட்டது. ஐந்தாவது பாய்ச்சலில் கொம்பு அடியோடு பெயர்ந்து தொங்கியது. மூக்கிலும் வாயிலும் ரத்தம். கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு சத்தம் வரும் தம்பி, மண்டை போகும்போது. அந்தச் சத்தத்தை நான் இத்தனை காலமாகக் காத்திருந்து கேட்டேன். நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"கிடாவ ஏண்டா அனுப்புன, நீயே குனிஞ்சுக்கிட்டு வந்திருக்கலாம்ல."

இதில் என்ன தப்பு? எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஊர்க்காரர்களே சிரித்தார்கள். ஆண்டிச்சாமி ஓடிப்போய் பைக்கில் செருகி வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தான். என் கழுத்துக்குத்தான் ஓங்கினான். நான் விலகவில்லை. இந்த வயதில் விலகினால் ஊர் என்ன பேசும்? அவன் தம்பி ஜெயக்கொடி நடுவில் புகுந்தான். "ண்ணே, வேணாம்ணே" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். வீச்சு அவன் கழுத்தில் இறங்கியது. பாதிக் கழுத்து. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கதவு திறந்துகொண்ட மாதிரி. விழுந்தான். கண்மாய் மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

என் மகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேளுங்கள். புல்டோசரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும். ரத்த வாடைக்குக் கிடா துள்ளும், ஒரு கையால் பிடிக்க முடியாது. அப்போது ஆண்டிச்சாமி அரிவாளைத் தூக்கி எறிந்தான், அது பாலகுருவின் காலடியில் வந்து விழுந்தது. கிடாவின் காலை வெட்டிவிடுமே என்று அந்த மடையன் குனிந்து அதை எடுத்தான். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது ஜெயக்கொடி கிடக்கிறான், என் மகன் கையில் அரிவாள். ஆண்டிச்சாமி தம்பியின் மேல் விழுந்து கத்துகிறான், "கொன்னுட்டான்யா, எந் தம்பியக் கொன்னுட்டான்யா" என்று. தம்பியை வெட்டிவிட்டு வாய் கூசாமல் கத்துகிறான். கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஆண்டிச்சாமி பக்கம் ஆள் அதிகம்.

ஆனால் லோகு ஒரு வேன் மேல் ஏறி நின்று முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் போலீஸ் பாலகுருவை ஏற்றிக்கொண்டு போனதும் அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "மாமா, எல்லாம் விழுந்திருக்கு மாமா. வீச்சு, எறிஞ்சது, எல்லாம்" என்றான். இதோ இந்த இடத்தில் வைத்துத்தான் போட்டுக் காட்டினான். நான், என் பெண்டாட்டி பஞ்சவர்ணம், அவன், மூன்று பேரும் பார்த்தோம். ஜெயக்கொடி விழுந்ததும் ஆண்டிச்சாமியின் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும் தம்பி. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன்.

லோகு உடனே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவோம் என்றான். பஞ்சவர்ணமும் அவனோடு சேர்ந்துகொண்டாள். நான் வேண்டாம் என்றேன். இப்போதே கொடுத்தால் என்ன ஆகும்? பாலகுருவை விட்டுவிடுவார்கள், ஆண்டிச்சாமியைப் பிடிப்பார்கள், கை தவறி நடந்தது என்று அவன் அழுவான், ஊரும் ஐயோ பாவம் என்னும். அது போதுமா எனக்கு? அவன் முதலில் கூண்டில் ஏற வேண்டும். சத்தியம் செய்ய வேண்டும். என் தம்பியை வெட்டியவன் பாலகுரு என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். ஜெயக்கொடியின் பெண்டாட்டி அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் போட வேண்டும் இதை. அதற்குப் பிறகு அவனுக்கு வீடு இருக்குமா, வாசல் இருக்குமா? பாலகுரு அதுவரைக்கும் உள்ளே இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆம்பளைப் பிள்ளை. மூன்று வேளை சோறு போடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. இது என்னிடம் மட்டும் இருக்க வேண்டும். கேமராவிலிருந்த மெமரி அட்டையை எடுக்கச் சொல்லி அடுப்பில் போட்டேன். அவன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்கச் சொன்னேன், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இந்த டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டேன். யாராவது திருடிப் போனால் என்று நினைத்து, இதற்குப் பூட்டுப் போடு, எவன் எடுத்தாலும் திறக்கக் கூடாது என்றேன். பாஸ்வேர்டு போட்டான். நீளமாகத் தட்டினான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்று எனக்குச் சொல்லித்தரப் பார்த்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, அதெல்லாம் எதற்கு, உன் தலையில் இருந்தால் போதும் என்றேன். எழுதித் தருகிறேன் என்றான். எழுதினால் களவு போகும் என்றேன். அப்போது அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"ஒத்தையா எதையும் வச்சுக்கக் கூடாது மாமா. எங்க தொழில்ல மொதப் பாடமே அதான். இன்னொரு காப்பி போட்டு வேற எடத்துல வச்சிருவோம்."

இரட்டைக் குட்டி ஒன்றுக்கும் உதவாது, போடா என்றேன். சரி மாமா என்றான். சரி என்று சொன்னான் தம்பி. என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கேஸ் நடந்தது. தள்ளித் தள்ளிப் போட்டார்கள். தீபாவளி போனது, பொங்கல் போனது. பஞ்சவர்ணம் தினமும் அழுவாள், நான் காதில் வாங்க மாட்டேன். கடைசியில் ஒரு நாள் ஆண்டிச்சாமி கூண்டில் ஏறினான். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சத்தியம் செய்தான். பாலகுருதான் வெட்டினான் என்றான், அழுதான், துண்டால் கண்ணைத் துடைத்தான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு மயக்கம் வராத குறை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று என்னைத் திட்டினார். படித்தவர், இரண்டு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவாருங்கள் என்றார்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன். லோகு இந்தக் கொட்டில் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். முதுகு என் பக்கம். வக்கீல்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். இவன் சொல்கிறான், "பயப்படாதீங்க சார், அந்த டிஸ்க்குக்கு ஒன்னு ஆனாலும் எங்கிட்ட இன்னொன்னு இருக்கு" என்று.

இன்னொன்று.

என்னிடம் சரி என்று சொல்லிவிட்டு இன்னொன்று வைத்திருக்கிறான். எதற்கு வைத்திருப்பான்? ஆண்டிச்சாமிக்குக் கொடுக்கத்தானே? அப்படி இல்லை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினான், கூச்சமே இல்லாமல். விறகு பிளக்கிற கல்லின் மேல் அதை வைத்து, கோடாலியைத் திருப்பி ஒரே போடு. தூளாகிவிட்டது.

அப்புறம் புல்டோசர் அவனை முட்டிவிட்டது.

தலையில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கிடா முட்டி மண்டையில் அடி என்று. நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களுமா? சரி, உங்களிடம் சொன்னால் என்ன. வெளியூர்க்காரர். உங்கள் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எங்கேயும் போய்ச் சொல்லப் போவதில்லை நீங்கள். அவன் என் கையைப் பிடித்தான் தம்பி. பெரியவன் கையைப் பிடித்தான். "என்ன மாமா பண்ணிட்டீங்க" என்று என் மணிக்கட்டை முறுக்கினான். கையில் கோடாலி இருந்தது. கையை உதறினால் கோடாலியும் சேர்ந்துதானே வரும்? வெட்டுகிற வாய்ப்பக்கம் படவில்லை. மொண்ணைப் பக்கம். காதுக்கு மேலே. ஒரே ஒரு முறை. இரண்டாவது முறை ஓங்கினேன் என்று பஞ்சவர்ணம் சொல்கிறாள், ஓங்கினேன், அடிக்கவில்லை. அவன் அதற்குள் விழுந்துவிட்டான். காதிலிருந்து ரத்தம் வந்தது, மூக்கிலிருந்து வந்தது. கால் மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது. பஞ்சவர்ணம் கிடாவுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து அவன் முகத்தில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கே அவளையும் ஒரு போடு போட்டிருக்க வேண்டும்.

கிடா முட்டிவிட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். என் தங்கச்சி ராக்காயி ஓடி வந்தாள். அவளுக்கு நான் சொன்னதுதான் வேதம், சின்ன வயதிலிருந்து. அவளும் அதையே ஆஸ்பத்திரியில் சொன்னாள். ஊர்க்காரர்கள் கூடிக்கொண்டு, ஆளை முட்டிய கிடாவை வைத்திருக்கக் கூடாது, அறுத்துவிட வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. கொட்டில் வாசலில் கோடாலியோடு நின்றேன். செய்யாத தப்புக்கு ஒரு வாயில்லாப் பிராணியைச் சாகவிடுவேனா? எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

லோகுவின் மண்டையைத் திறந்து பார்த்தார்கள் டாக்டர்கள். திறந்தவர்கள் அந்த வார்த்தையை எடுத்திருக்கக் கூடாதா? ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு மூடிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். நடக்கிறான். சாப்பிடுகிறான். என்னைப் பார்த்தால் சிரிக்கக்கூடச் சிரிக்கிறான். ஆனால் பேச்சு இல்லை. கரண்டியைக் காட்டினால் செருப்பு என்கிறான். அம்மாவைக் காட்டினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மழை என்கிறான். நடிப்பு. எனக்குத் தெரியும், நடிப்பு. சோறு தின்ன மறக்காதவனுக்குப் பாஸ்வேர்டு மட்டும் மறக்குமா? லேப்டாப்பை அவன் மடியில் வைத்து, விரலைப் பிடித்து எழுத்துகளின் மேல் வைத்தேன். தட்டு மாப்ள, தட்டு என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். அவன் ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பிடரியைப் பிடித்து அமுக்கினேன். கொஞ்சம்தான். அவன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தினான். ராக்காயி உள்ளேயிருந்து அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் தங்கச்சி. என் மேல். தோளில் கீறிவிட்டாள், இதோ பாருங்கள், தழும்பு. அன்றைக்குத்தான் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். அவள் மகன் என் கையைப் பார்த்து அப்படிக் கத்தினானே, அதில்.

அப்புறம் கொஞ்ச நாள் சத்தமில்லை. போன வெள்ளிக்கிழமை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றுகொண்டு பேசினாள்.

"ண்ணே, எங்கிட்டயும் ஒன்னு இருக்கு. லோகு அப்பவே எங்கிட்ட ஒன்னு குடுத்து வச்சிருந்தான். பூட்டு இல்லாதது. என்னன்னு தெரியாமத்தான் வச்சிருந்தேன், இப்பத்தான் போட்டுப் பாத்தேன். பாலகுரு கயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறான்."

கொண்டா என்றேன்.

"தர்றேன். எம் மகன் தலையில பட்டது கொம்பா கோடாலியான்னு ஸ்டேஷன்ல எழுதணும். நீ போய்ச் சொல்லு. ஒனக்கு வாய் வரலைன்னா மதினி பாத்துச்சுல்ல, அது சொல்லட்டும். எழுதுன மறுநிமிசம் வக்கீல் கையில இருக்கும்."

நான் சும்மா விடுவேனா? அவள் வீட்டுக்கே போனேன். டிரங்குப் பெட்டியை உடைத்தேன். மெத்தையைக் கிழித்தேன், அரிசி டிரம்மைக் கவிழ்த்தேன், கூரை ஓட்டைப் பிரித்தேன். லோகு ஒரு மூலையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தான். அவள் தடுக்கவே இல்லை. கைகட்டி நின்று பார்த்தாள்.

"தேடுண்ணே. வீட்டுக்குள்ளயா வச்சிருப்பேன்? மூணு காப்பி போட்டு மூணு வீட்ல வச்சிருக்கேன். எந்த வீடுன்னு என்னை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். எனக்கு ஒன்னு ஆனா, அந்த மூணையும் கெணத்துல போடச் சொல்லியிருக்கேன்."

படிக்காத கழுதை. இந்தப் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது? மகன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பாருங்கள், சொந்த அண்ணன் மகன் ஜெயிலில் கிடக்கிறான். இவள் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. அவனைக் காப்பாற்றுகிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறாள். அத்தையா இவள்?

பாலகுருவைப் போய்ப் பார்த்தேன். மனு எழுதிப் போட்டு, வெயிலில் நின்று, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்தான். இளைத்துவிட்டான். ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுவான் என்று பார்த்தால், எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் பேசினான். அவன் அம்மா முன்பே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"போய்ச் சொல்லிருங்கப்பா. லோகுவ அடிச்சது நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நிக்கிற ஆள கிடா தொடையிலதான்ப்பா முட்டும். காதுக்கு மேல எப்படி முட்டும்?"

ஜெயிலுக்குப் போனால் பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். நான் எதற்காக இவ்வளவும் செய்தேன்? யாருக்காக? அவனுக்காக. ஆண்டிச்சாமி முகத்தில் கரி பூசாமல் இவனைச் சும்மா வெளியே கொண்டுவந்தால் இவனுக்குத்தான் என்ன மரியாதை? அது புரியவில்லை அவனுக்கு. போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய், என் மருமகனை நான் அடித்தேன் என்று எப்படிச் சொல்வேன்? ஆண்டிச்சாமிக்குத் தெரிந்தால் என்ன செய்வான்? அவன் ஊரில் வெடி போடுவான். தம்பியை வெட்டியவன் நிமிர்ந்து நடப்பான், நான் தலையைக் குனிய வேண்டுமா? அவனும் நானும் ஒன்று என்று ஊர் பேசுமே. அவன் தன் ரத்தத்தையே வெட்டினான். நான் அப்படியா? நான் மொண்ணைப் பக்கத்தால்.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். இது திறந்துவிட்டால் ராக்காயி வேண்டாம், ஸ்டேஷன் வேண்டாம், யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். மகனும் வெளியே வருவான், என் மானமும் என்னிடம் இருக்கும். செய்து பாருங்கள். கடப்பாரை வேண்டுமா? உடைத்து எடுக்க முடியுமா? இல்லையா. உடைத்தால் போய்விடுமா. சரி, சரி, அதைத் தொடவில்லை.

அந்தச் சத்தமா? அது பஞ்சவர்ணம்.

காலையில் சேலை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு புறப்பட்டாள். எங்கே என்றேன். ஸ்டேஷனுக்கு என்றாள். சாதாரணமாகச் சொல்கிறாள், சந்தைக்குப் போகிற மாதிரி. நான் கண்ணால் பார்த்ததை நான் சொல்லப் போகிறேன், எனக்கு என் பிள்ளை வேண்டும், லோகுவும் எனக்குப் பிள்ளைதான் என்றாள். முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தீவன அறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். கன்னத்தில் இரண்டு அறை கொடுத்தேன், அதற்கு மேல் இல்லை. நீங்கள் வந்தபோது அசந்து கிடந்தாள் போல. இப்போது விழித்துக்கொண்டாள். தட்டட்டும். நாளைக்குச் சாயங்காலம் வாய்தா முடிந்ததும் திறந்துவிடுவேன். தண்ணீர் வைத்திருக்கிறேன், நான் ஒன்றும் ராட்சசன் இல்லை.

நாம் ஒன்று செய்வோம், தம்பி. இதை நீங்கள் திறங்கள், அதை நான் திறக்கிறேன்.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? அந்தப் பக்கம் போகாதீர்கள். அது குடும்ப விஷயம். கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர் கம்ப்யூட்டரைப் பாருங்கள். சாவி என் அரைஞாணில் இருக்கிறது, கேட்டாலும் தர மாட்டேன். ஏ பஞ்சவர்ணம், சத்தம் போடாம கெட. ஆள் வந்திருக்கு, மானத்த வாங்காத.

என்ன சத்தம் இது? இது கை இல்லை. இரும்பு. உள்ளே எதை வைத்தேன்? பருத்திக்கொட்டை மூட்டை, புண்ணாக்கு. கலப்பைக் கொழு அங்கேயா கிடந்தது? பழைய பலகை, தாங்காது. விலகுங்கள். விலகுங்கள் தம்பி, கோடாலியை எடுத்தால் என்ன, மிரட்டத்தான் எடுக்கிறேன். அவள் என் பெண்டாட்டி, நான் என்ன செய்துவிடப் போகிறேன்? என் கையை விடுங்கள். உங்களுக்கு இவ்வளவு பலமா? கீபோர்டு தட்டுகிற கைக்கு? விடுங்கள் என்கிறேன். வயதானவன் கையைப் பிடிக்கிறீர்களே, பெற்றவர்கள் உங்களுக்கு மரியாதை சொல்லித்தரவில்லையா?

வந்துவிட்டாள். நெற்றியெல்லாம் ரத்தம். பலகை கிழித்திருக்கும், நான் இல்லை. ஏய், நில்லு. பஞ்சவர்ணம், நில்லு. கிடா முட்டுச்சுன்னு சொல்லு, போதும். வேற ஒன்னும் கேக்கல. நாளைக்கே எப்படியாச்சும் அவனக் கொண்டாந்துர்றேன். நில்லுடி.

கேட்டீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறாள், "நான் தெருமுக்கு திரும்புற வரைக்கும் அந்தக் கைய விட்றாதீங்க தம்பி" என்று. முன்பின் தெரியாத ஆளிடம்.

போகிறாள். செருப்புக்கூடப் போடவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்று பார்க்கிறேன். பார்க்க மாட்டாள். இவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்? இத்தனை காலம் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்தவள். இவ்வளவு வன்மத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித்தான் தூங்கினாளோ.